நாற்பத்தெட்டு மணி நேரம்

அறுவை சிகிச்சை முடிந்த ஐந்தாம் நாள் இரவில் அத்தைக்குக் காய்ச்சல் திரும்பி வந்தது. கலஹா பக்கத்துத் தோட்டமொன்றில் நாற்பது வருஷம் கொழுந்தெடுக்க மலையேறிய கால் அவருடையது. சர்க்கரை வியாதி வேறு. மலையில் கட்டை குத்திய சின்னக் காயம் புண்ணாகி, புண் கறுத்து, கண்டிப் பக்கத்து வைத்தியசாலை ஒன்றில் பெருவிரலை எடுத்திருந்தார்கள். ஆறிக்கொண்டு வருகிறது என்று எல்லோரும் மூச்சு விட்ட நேரத்தில், போர்வைக்குள் கிடுகிடுவென்று நடுங்கத் தொடங்கினார். துணைக்கு நின்ற நான் ஓடிப்போய்த் தாதி மிஸ்ஸைக் கூப்பிட்டேன்.

இரவுக் கடமையில் இருந்த இளம் டொக்டர் இரண்டு சின்னப் போத்தல்களோடு வந்தார். உள்ளே தேத்தண்ணி நிறத்தில் ஏதோ திரவம். அத்தையின் கையைத் துடைத்து, இரத்தம் எடுத்து, இரண்டிலும் செலுத்தினார். புது ஊசி மருந்தொன்று எழுதிவிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் என்னிடம் சொன்னார்: "ரிப்போர்ட் வர ரெண்டு நாள் போகும். அது வரைக்கும் நாங்க யோசிச்சு ஒண்ணு குடுக்கிறோம்."

யோசித்து ஒன்று. அந்தச் சொல்லை நான் மறக்கவில்லை. எந்தக் கிருமி என்று தெரியாது. எந்த மருந்துக்கு அது அடங்கும் என்று தெரியாது. நோயாளியின் வயது, புண் இருக்கும் இடம், அந்த விடுதியில் வழக்கமாகத் தலைகாட்டும் கிருமிகள், இவற்றை வைத்து ஒரு கணக்குப் போட்டு மருந்தைத் தொடங்குகிறார்கள். முன்பெல்லாம் அந்தக் கணக்குப் பெரும்பாலும் சரியாக வந்தது. இப்போது அடிக்கடி பிழைக்கிறது. அது பிழைக்கும்போது நோயாளி இழப்பது இரண்டு நாள். இரத்தத்தில் கிருமி கலந்த ஒருவருக்கு இரண்டு நாள் என்பது சில வேளை முழு ஆயுள்.

நிலாக் கோட்டை

அந்தப் போத்தல்கள் எங்கே போகின்றன என்பதைச் சொல்ல வேண்டும். ஏனென்றால் நோயாளிகளுக்கும் சொந்தக்காரர்களுக்கும் அந்த அறை தெரியாது.

கல்ச்சர் போத்தல் என்பார்கள். உள்ளே இருப்பது கிருமிக்கான சாப்பாடு. உடம்புச் சூட்டில் வைத்தால், இரத்தத்தில் ஒன்றிரண்டு கிருமி இருந்தாலும் அவை பெருகும். க்ளெப்சியெல்லா, ஈ. கோலை போன்றவை வசதி கிடைத்தால் இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை இரண்டாகும். பெருகியதும் அதில் ஒரு துளியை எடுத்து, வட்டத் தட்டில் உறைந்திருக்கும் அகார் மீது தேய்க்கிறார்கள். மறுநாள் காலையில் புள்ளி புள்ளியாக வளர்ந்திருக்கும். அதிலிருந்து எடுத்து இன்னொரு தட்டு முழுக்கப் பூசி, மேலே சட்டைப் பொத்தானைவிடச் சின்னதான வெள்ளைக் கடதாசி வில்லைகளை வைக்கிறார்கள். ஒவ்வொரு வில்லையிலும் ஒவ்வொரு மருந்து ஊறியிருக்கிறது. இன்னுமோர் இரவு.

விடிந்ததும் பார்த்தால், தட்டு முழுக்க மங்கலான படலம் படர்ந்திருக்கும். மருந்து வேலை செய்த இடத்தில் மட்டும், நிலாவைச் சுற்றிக் கோட்டை கட்டினாற்போல, வில்லையைச் சுற்றித் தெளிந்த வளையம் இருக்கும். அந்த வளையத்தை அளவுகோல் வைத்து அளந்துதான் இந்த மருந்து பிடிக்கும், இது பிடிக்காது என்று எழுதுகிறார்கள். பொல்லாத கிருமி என்றால் கிருமிப் படலம் வில்லையின் விளிம்பு வரை வந்து ஒட்டி நிற்கும். எட்டுப் பத்து வில்லைகளில் ஒன்றைச் சுற்றியும் கோட்டை இல்லாத தட்டும் உண்டு. அப்படியொரு தட்டைக் கையில் வைத்திருப்பவர் விடுதிக்குத் தொலைபேசி எடுக்கும் நேரம் இலேசான நேரமல்ல.

பென்சிலின் வழி வந்த மருந்துகள் கிருமியின் சுவரை உடைக்கின்றன. கிருமியோ அந்த மருந்தையே வெட்டிப்போடும் நொதியைச் செய்துகொள்கிறது. செஃப்ட்ரியாக்சோன் போன்ற ஊசிகளையும் வெட்டும் நொதி வந்தபோது, வைத்தியர்கள் மெரோபெனெம் போன்ற கார்பபெனெம் மருந்துகளுக்கு ஏறினார்கள். பிறகு அதையும் வெட்டும் நொதி வந்தது. அதற்கு மேல் மிஞ்சியிருப்பவற்றில் முக்கியமானது கோலிஸ்டின். 1940களின் கடைசியில் ஜப்பானில் கண்டுபிடித்த பழைய மருந்து. சிறுநீரகத்தைப் பாதிக்கிறது என்று ஒரு காலத்தில் ஒதுக்கியது. வேறு வழியில்லாமல் அதையே அலுமாரியிலிருந்து திரும்ப எடுத்திருக்கிறார்கள்.

இந்த நொதியைச் செய்யும் குறிப்பைக் கிருமிகள் தம் பிள்ளைகளுக்கு மட்டும் கொடுப்பதில்லை. வீட்டுக்கு வீடு கைமாத்துக் கொடுப்பதுபோல, பக்கத்தில் இருக்கும் வேறு சாதிக் கிருமிக்கும் கொடுக்கின்றன. கொடுத்தவரிடம் குறையாத கைமாத்து அது. ஆகவே ஒருவர் குடலில் சும்மா கிடக்கும் அப்பாவிக் கிருமி கற்றுக்கொண்ட பாடம், நாளை இன்னொருவர் நுரையீரலைப் பிடிக்கும் கிருமியிடம் இருக்கும்.

இதில் நம்மவர் ஒருவரின் பெயரும் இருக்கிறது. 2008இல் சுவீடனில் ஒரு நோயாளியிடம் புதிய நொதியொன்று கண்டறியப்பட்டது. அவர் அதற்கு முன் புது டில்லியில் சிகிச்சை பெற்றவர் என்பதால் அதற்கு நியூ டெல்லி மெட்டலோ பீட்டா லாக்டமேஸ், சுருக்கமாக என்.டி.எம்.-1, என்று பெயரிட்டார்கள். அது எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை 2010இல் லான்செட் தொற்றுநோய் இதழில் வெளிவந்த ஆய்வு காட்டியது. அதன் முதல் ஆசிரியர் சென்னையில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த கார்த்திகேயன் குமாரசாமி. சென்னையில் மட்டும் 44 மாதிரிகளில் அந்த நொதி இருந்தது. நாட்டின் பெயரைக் கெடுத்துவிட்டார்கள் என்று இந்தியாவில் பெரிய சத்தம் எழுந்தது. ஆனால் சத்தம் அடங்கிய பிறகு, 2012இல் அதே சென்னையில் இந்திய மருத்துவ அமைப்புகள் கூடி ஒரு பிரகடனம் செய்தன. கடையில் சீட்டில்லாமல் நுண்ணுயிர் எதிர்ப்பி விற்பதை எப்படிக் கட்டுப்படுத்துவது, வைத்தியசாலைகளில் தொற்றை எப்படித் தடுப்பது என்று நடைமுறையில் செய்யக்கூடியதைப் பேசிய ஆவணம் அது. நோயைச் சொன்னவர்மீது கோபப்படுவதைவிட அது எவ்வளவோ நல்ல வேலை.

பாக்கு நீரிணை கிருமிக்கு எல்லையல்ல. 2014இல் வெளியான ஆய்வொன்று இலங்கை நோயாளிகளிடம் எடுத்த க்ளெப்சியெல்லாவிலும் கார்பபெனெத்தை வெட்டும் நொதிகள் இருப்பதைப் பதிவு செய்தது. இன்று நம் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் வேலை செய்யும் எவருக்கும் இது புதுச் செய்தியல்ல.

கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவில்

மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு வைத்தியசாலை வாசலில் நின்று பாருங்கள். கண்டியில் பஸ் இறங்கி, சோற்றுப் பார்சலும் வெந்நீர்ப் போத்தலுமாக வந்த கூட்டம், கதவு திறந்ததும் உள்ளே பாயும். புசல்லாவை, தெல்தோட்டை, மடுல்கலை, அக்குறணை, கம்பளை எல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில் விடுதிக்குள் இருக்கும். கொழும்புக்கு அடுத்து நாட்டின் பெரிய வைத்தியசாலை கண்டித் தேசிய வைத்தியசாலை. பக்கத்திலேயே பேராதனைப் போதனா வைத்தியசாலையும் சிறுவர் வைத்தியசாலையும். மத்திய மாகாணம் மட்டுமல்ல, ஊவாவிலும் வடமத்தியிலும் இருந்துகூட, உள்ளூரில் முடியாதவர்களை இங்கேதான் அனுப்புகிறார்கள். வரும்போது அவர்கள் தங்கள் வைத்தியசாலைக் கிருமிகளையும் கொண்டு வருகிறார்கள். வீட்டுக்குப் போகும்போது இங்குள்ளதை எடுத்துப் போகிறார்கள்.

அத்தையின் விடுதியில் கட்டில்கள் போதாமல் நடுவில் பாய் விரித்திருந்தார்கள். நான் அத்தைக்கு முகம் துடைத்த கையோடு, பக்கத்துக் கட்டில் அம்மாவுக்குத் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து கொடுத்தேன். நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தேன். அத்தையின் புண்ணில் இருந்தது என் கை வழியாக அந்த அம்மாவுக்குப் போயிருக்கலாம் என்பது அப்போது எனக்கு உறைக்கவேயில்லை.

வைத்தியசாலைத் தொற்றின் பெரும்பகுதி இப்படித்தான் நடக்கிறது, கைகளால். அசினெட்டோபேக்டர் என்ற கிருமி காய்ந்த கட்டில் கம்பியில் வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும். சிறுநீர்க் குழாய், கழுத்து நாளத்தில் போட்ட குழாய், சுவாசக் குழாய் இவற்றின் உட்சுவரில் சில கிருமிகள் பாசி படர்வதுபோல் படலம் கட்டி, மருந்து எட்டாத இடத்தில் ஒளிந்துகொள்ளும். குழாய் ஒரு நாள் கூடுதலாக இருந்தால் ஆபத்தும் ஒரு நாள் கூடுகிறது. அதனால்தான் நல்ல விடுதிகளில் தினமும் காலையில் "இந்தக் குழாய் இன்றைக்கும் வேண்டுமா?" என்று கேட்கிறார்கள்.

கட்டில் காலடியில் தொங்கும் அந்தக் கைத்தேய்ப்புத் திரவப் போத்தலை நாம் யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. அதற்குள் இருப்பது பெரும்பாலும் சாராயச் சத்துத்தான். வைத்தியசாலை மருந்தகத்திலேயே கலக்கிக்கொள்ளலாம், அதற்கான அளவை உலக சுகாதார நிறுவனம் வெளியிட்டிருக்கிறது. இருபது, முப்பது விநாடி தேய்த்தால் போதும். எந்தக் கார்பபெனெமுக்கும் அடங்காத கிருமி இதற்கு அடங்கும். ஆனால் ஐம்பது நோயாளிகளுக்கு இரண்டு மூன்று தாதியர் ஓடித்திரியும் விடுதியில், ஒவ்வொருவரைத் தொடுமுன்னும் தொட்ட பின்னும் கை தேய்ப்பதென்றால் ஒரு கடமை நேரத்தில் எத்தனை தடவை என்று எண்ணிப் பாருங்கள். நம் வைத்தியசாலைகளில் தொற்றுக் கட்டுப்பாட்டுக்கென்றே தாதிய உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். கையை எப்போது தேய்க்கிறார்கள், யார் மறக்கிறார்கள், எந்தக் கட்டிலில் எந்தக் கிருமி என்று நாள் முழுக்கக் கணக்கு வைப்பது அவர்கள் வேலை. பெரிய அறுவை சிகிச்சை நடந்தால் பத்திரிகையில் படம் வரும். 2017 ஜூலையில் நாட்டின் முதலாவது இருதய மாற்று சிகிச்சை கண்டியில் நடந்தபோது நாமெல்லாம் பெருமைப்பட்டோம். படத்தில் இல்லாதவர்கள் அந்தத் தாதியர். மாற்று இருதயம் பொருத்தியவருக்கு உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே மருந்தால் அடக்கி வைக்கிறார்கள். அடக்கி வைத்த உடம்பைக் காப்பது சுத்தமான கையும் வேலை செய்யும் நுண்ணுயிர் எதிர்ப்பியும் மட்டுந்தான்.

வெள்ளை உறை

அத்தை தேறி வந்த பிறகு அவர் லயத்துக்குப் போனேன். அடுப்பங்கரை மேல்தட்டில் ஒரு பிஸ்கட் டின். திறந்தால் உள்ளே சின்னச் சின்ன வெள்ளைக் கடதாசி உறைகள். சிலவற்றில் பேனாவால் போட்ட இலக்கம், சிலவற்றில் சிங்களத்தில் ஒரு வரி, சிலவற்றில் ஒன்றுமேயில்லை. உள்ளே இரண்டு, மூன்று, ஐந்து குளிசைகள். சிவப்பும் மஞ்சளுமாகக் கூட்டுக் குளிசைகள்.

"இதெல்லாம் என்ன அத்தை?"

"காச்சலுக்குக் குடுத்தது பாப்பா. ரெண்டு நாள்ல சொகமாயிருச்சு, மிச்சத்த எடுத்து வச்சேன். லயத்துல யாருக்காச்சும் முடியலன்னா குடுக்கலாமே."

நம் நாட்டின் மருந்துப் பழக்கம் முழுவதும் அந்த டின்னுக்குள் இருந்தது. தனியார் டொக்டரிடம் போனால் பார்த்துவிட்டு அவரே இரண்டு மூன்று நாளுக்கு உறையில் போட்டுத் தருகிறார். மருந்தின் பெயர் நோயாளிக்குத் தெரியாது. என்ன சாப்பிட்டோம் என்று அடுத்த டொக்டரிடம் சொல்ல முடியாது. "அந்தச் செவப்புக் குளுசை" என்பதுதான் அவர்களிடம் இருக்கும் முழு வைத்திய வரலாறு. எழுதியிருப்பது தனக்குத் தெரியாத மொழியில் என்றால் வேளையும் அளவும் ஊகந்தான். இரண்டு மொழியையும் அரசியலமைப்பு ஏற்று எத்தனை வருஷமாகிவிட்டது. ஒரு மருந்து உறை இன்னும் இரண்டு மொழி பேசாதது எனக்குத் தாங்க முடியாத விஷயம்.

டொக்டர் கட்டணத்துக்குக் காசில்லாதவர் நேரே பாமசிக்குப் போகிறார். "தொண்டை நோவு, அமொக்சிலின் ஒரு கார்ட் தாங்க." முழுக் கார்டுக்கும் காசு போதாவிட்டால் கத்தரிக்கோலால் நாலை வெட்டிக் கொடுப்பார்கள். சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்பது சட்டம். ஆனால் ஆய்வாளர்கள் வாடிக்கையாளர்போலப் போய்க் கேட்ட ஓர் ஆய்வில், நாடெங்கும் பார்த்த பாமசிகளில் பாதிக்கும் மேற்பட்டவை சீட்டில்லாமலே கொடுத்தன. தொண்டை நோவு பெரும்பாலும் வைரஸால் வருவது. நுண்ணுயிர் எதிர்ப்பி அதற்கு ஒன்றும் செய்யாது. ஆனால் குடலில் கிடக்கும் கோடிக்கணக்கான கிருமிகளுக்கு அது பாடம் நடத்திவிட்டுப் போகும்.

அத்தையைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. தோட்டத்திலிருந்து வைத்தியசாலைக்கு வந்துபோக ஒரு நாட்சம்பளம் போகும். மருந்தை மிச்சம் பிடிப்பவர், காசை மிச்சம் பிடிக்கக் கற்ற கை கொண்டவர். ஆனாலும் பென்சிலினைக் கண்ட அலெக்சாண்டர் ஃப்ளெமிங் 1945இல் நோபல் பரிசு உரையிலேயே இதைப் பற்றி எச்சரித்தார். தொண்டை நோவுக்காகத் தானே பென்சிலின் வாங்கிப் போதாத அளவில் சாப்பிடும் ஒருவரைக் கற்பனையாகச் சொன்னார். கிருமி அவரிடம் பாடம் கற்று மனைவிக்குத் தொற்றுகிறது. மருந்து வேலை செய்யாமல் மனைவி இறக்கிறார். ஒருவர் சாப்பிட்டதற்கு இன்னொருவர் உயிர் போகலாம் என்பதை அந்த மருந்தைத் தந்தவரே அன்று சொல்லிவிட்டார். 1959இல் வந்த மெதிசிலினுக்கு 1961இலேயே அடங்காத கிருமி பதிவானது.

மாடு, கோழிக்குக் கொடுக்கும் மருந்தும் இதே கணக்கில் சேரும். நாட்டின் ஒரே மிருக வைத்திய பீடம் இருப்பதும் பேராதனையில்தான். மனுஷரைப் பார்ப்பவர்களும் மிருகங்களைப் பார்ப்பவர்களும் ஒரே வளாகத்தில் இருக்கும் ஊர் இது. தண்ணீரும் இந்தக் கணக்கில் உண்டு. கண்டி வாவியிலிருந்து வழிந்து நகரத்துக்குள் ஓடும் மெத எல, கெட்டம்பேயில் மகாவலியோடு கலக்கிறது. ஊரின் அழுக்கைச் சுமந்துபோகும் அந்தக் கால்வாயோரம் நடக்கும்போதெல்லாம், நாம் விழுங்கியதில் எவ்வளவு அதில் போகிறது என்று யோசிப்பேன். கன்னொருவயில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் வந்திருப்பது கொஞ்சம் ஆறுதல்.

பிபிலேயின் பட்டியல்

எந்த மருந்து, யாருக்கு, எப்போது. இந்தக் கேள்வியை உலகத்துக்கு உரக்கக் கேட்டவர்களில் ஒருவர் கண்டித் திரித்துவக் கல்லூரியில் படித்து, பேராதனை மருத்துவ பீடத்தின் பீடாதிபதியாக இருந்தவர். பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் டொக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவோடு சேர்ந்து மருந்துக் கொள்கை அறிக்கை எழுதினார். அரச மருந்துக் கூட்டுத்தாபனம் பிறந்தபோது அதன் முதல் தலைவர் அவர்தான். நாட்டில் புழங்கிய ஏறத்தாழ 2,100 மருந்துகளைச் சலித்து 600 அளவுக்குக் குறைத்தார். கம்பனிப் பெயரால் அல்லாமல் மருந்தின் பெயரால் எழுதச் சொன்னார். 1977 செப்டெம்பரில் கயானாவில் அவர் இறந்தார். அதே வருஷந்தான் உலக சுகாதார நிறுவனம் தன் முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது.

அவரை எல்லோரும் மலிவு மருந்துக்காக நினைக்கிறோம். எனக்கு அவரிடம் பெரிதாகத் தெரிவது அந்தச் சலிப்பு. தேவையானதைத் தேவையானவருக்குக் கொடுக்க வேண்டுமானால், தேவையில்லாததை நிறுத்தத் தெரிய வேண்டும். 2017 முதல் உலக சுகாதார நிறுவனம் நுண்ணுயிர் எதிர்ப்பிகளை மூன்று கூறாகப் பிரித்து வைத்திருக்கிறது. தாராளமாகக் கிடைக்க வேண்டிய அமொக்சிலின் போன்றவை ஒரு பக்கம். விழிப்போடு கொடுக்க வேண்டிய செஃப்ட்ரியாக்சோன், மெரோபெனெம் இன்னொரு பக்கம். கடைசிக்கென்று பூட்டி வைக்க வேண்டிய கோலிஸ்டின் மூன்றாவது. உலகில் மனுஷர் உபயோகிப்பதில் குறைந்தது 70 வீதம் முதற்கூறிலிருந்து இருக்க வேண்டும் என்று 2024 செப்டெம்பரில் ஐ.நா. சபையில் நாடுகள் ஒப்புக்கொண்டன. பிபிலே இருந்திருந்தால் இதற்கு விளக்கவுரை கேட்டிருக்க மாட்டார்.

நம்மிடமும் ஆவணங்கள் உண்டு. எந்தத் தொற்றுக்கு முதலில் எதைத் தொடங்குவது என்று இலங்கை நுண்ணுயிரியலாளர் கல்லூரி 2016இல் தேசிய வழிகாட்டி வெளியிட்டது. 2017-2022க்கு ஒரு தேசியத் திட்டம், 2023-2028க்கு இன்னொன்று. ஆனால் 2022இல் நடந்ததை மறக்க முடியுமா? மார்ச் கடைசியில் மருந்தில்லாமல் பேராதனை வைத்தியசாலை வழமையான அறுவை சிகிச்சைகளை நிறுத்தியது. ஏப்ரலில் இந்தியக் கடற்படைக் கப்பல் கரியால், அந்த வைத்தியசாலைக்கென்று 107 வகை மருந்து, 760 கிலோ, கொண்டு வந்தது. மருந்துத் தட்டுப்பாடு கிருமி எதிர்ப்பையும் வளர்க்கும். கொடுக்க வேண்டிய சின்ன மருந்து கையிருப்பில் இல்லையென்றால் இருக்கிற பெரிய மருந்தைக் கொடுக்கத்தான் வேண்டும். கல்ச்சர் போத்தல் தீர்ந்துவிட்டால் யோசித்துக் கொடுப்பது இரண்டு நாளோடு நிற்காது, பத்து நாளும் அதே யோசனைதான். வரவு செலவுத் திட்டத்தில் மருந்துக்கு ஒதுக்குவதைப் பற்றிப் பேசுகிறோம். கல்ச்சர் போத்தலுக்கும் அகார் தூளுக்கும் கடதாசி வில்லைக்கும் எவ்வளவு என்று ஒரு தடவையாவது நாடாளுமன்றத்தில் யாராவது எழுந்து நின்று கேட்க வேண்டும்.

புது மருந்து வந்து காப்பாற்றும் என்று காத்திருப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அமெரிக்காவின் அக்கேயோஜென் கம்பனி பிளாசோமைசின் என்ற நல்ல மருந்தைக் கண்டுபிடித்து 2018இல் அனுமதியும் பெற்றது. மறு வருஷமே வங்குரோத்தானது. குறைவாகவே கொடுக்க வேண்டிய மருந்தில் இலாபம் இல்லை. 2019இல் மட்டும் உலகில் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் எதிர்ப்புக் கிருமிகளால் நேரடியாக இறந்தார்கள் என்று லான்செட் இதழில் வந்த ஆய்வு கணித்தது. 2025க்கும் 2050க்கும் நடுவில் 3 கோடி 90 இலட்சம் பேர் இறக்கக்கூடும். அதில் 1 கோடி 18 இலட்சம் தெற்காசியாவில் என்பது 2024இல் வந்த கணிப்பு.

அத்தையின் ரிப்போர்ட் மூன்றாம் நாள் காலை வந்தது. க்ளெப்சியெல்லா. முதலில் யோசித்துக் கொடுத்த மருந்துக்கு அடங்காதது. நல்லகாலம், மெரோபெனெமைச் சுற்றிக் கோட்டை இருந்தது. அன்று பகலே மருந்தை மாற்றினார்கள், அவரைச் சுவரோரக் கட்டிலுக்கு மாற்றி, தொடுபவர்கள் கையுறையும் மேலங்கியும் போட வேண்டுமென்று தலைமாட்டில் ஒரு அட்டையும் மாட்டினார்கள். இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கியது. கட்டுக்கலைப் பிள்ளையாருக்கு நேர்ந்த தேங்காயை நான்தான் போய் உடைத்தேன்.

கண் திறந்து பேசத் தொடங்கியதும் அத்தை அந்த அட்டையைக் காட்டி என்னவென்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பழைய கட்டில் பக்கம் திரும்பிப் பார்த்தார். "அந்தம்மாவுக்கு ஒண்ணும் ஒட்டலியே?" என்று மிஸ்ஸிடம் கேட்கச் சொன்னார். எனக்குத் தொண்டை அடைத்தது. மிஸ் அந்த அம்மாவிடமும் மாதிரி எடுத்து அனுப்பியிருப்பதாகவும், இரண்டு நாள் போகும் என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வரும்போது கொடுத்த டயக்னோசிஸ் கார்டில் கிருமியின் பெயர் ஆங்கிலத்தில் இருந்தது. அதற்குக் கீழே நான் தமிழிலும் எழுதிக் கொடுத்தேன். அத்தை அதைக் கிளினிக் புத்தகத்தோடு வைத்து, பொலித்தீன் பையில் சுற்றி, பிஸ்கட் டின்னுக்குள் போட்டிருக்கிறார். உறைகளையெல்லாம் நான் எடுத்து வந்துவிட்டேன். இப்போது எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் உட்காருவதற்கு முன்பே அந்தப் பையை அவிழ்த்து, "மொதல்ல இதப் பாருங்க ஐயா" என்கிறார்.